செத்தவீட்டுச் சிரிப்பு

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம். இடம், ரொறன்ரோவில் சென் ஜேம்ஸ் ரவுண். நாங்கள் முப்பது வருடமாக இருக்கும் தொடர்மாடி. நான் அகதியாக வந்து இறங்கிய காலத்தில் எங்கள் தளத்தில் பாதிக் கதவுகளுக்குப் பின்னால் தமிழ்தான் கேட்கும். பிறகு ஒவ்வொருவராக வீடு வாங்கிக்கொண்டு ஸ்காபரோ, மார்க்கம், ஸ்ரௌவ்வில் என்று போய்விட்டார்கள். எங்கள் மகளும் ஸ்ரௌவ்வில்லில்தான் இருக்கிறாள். கார் இல்லாமல் அங்கே பால் வாங்கக்கூடப் போக முடியாது என்று சாட்டுச் சொல்லி நானும் மனைவியும் இங்கேயே கிடக்கிறோம். எங்கள் ஆட்கள் விட்டுப்போன வீடுகளுக்குப் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ்காரர் குடிவந்தார்கள். அப்படி வந்த ஒருவனைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவன், அவ்வளவுதான். அதனால் அவன் என்றே எழுதுகிறேன்; மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அவனை முதலில் பார்த்தது எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தில், உடுப்புத் தோய்க்கும் அறையில். ஒரு சனிக்கிழமை காலை கூடையோடு உள்ளே போனால், பூப்போட்ட பொம்பிளைச் சட்டை போட்டு, தலையில் துவாயைச் சுற்றி, கையில் அகப்பையோடு ஒரு ஆம்பிளை மெஷினைப் பார்த்துக் கத்திக்கொண்டு நிற்கிறான். மெஷினுக்கு மேல் ஒரு கைத்தொலைபேசி சாய்த்து வைத்திருக்கிறது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. மெல்லத் திரும்பிப் போகப் பார்த்தேன். அவன் சட்டென்று தன் சொந்தக் குரலுக்கு மாறி, மன்னியுங்கள் அங்கிள், இரண்டு நிமிடம் என்று ஆங்கிலத்தில் சொன்னான். அந்த இரண்டு நிமிடமும் கூடையைப் பிடித்தபடி நின்று பார்த்தேன். பாஷை ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் இடுப்பில் கை வைக்கிற விதம், கழுத்தை வெட்டுகிற வெட்டு, போகிறேன் என்று இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குகிற ஏச்சு, எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில் மீன் விற்று எங்களை வளர்த்தவள் என் அம்மா. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

அவனுடைய தாயும் மீன் விற்றவள்தான். தகப்பன் இவன் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே கடலில் போய்விட்டார். நாலு பிள்ளைகளையும் தாய் தனியே வளர்த்தாள். இவன் கடைசி. வேலை விசாவில் இங்கே வந்து ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் சேர்ந்தான். கொரோனா காலத்தில் அறைக்குள் அடைபட்டுக் கிடந்தபோது தாய் ஒவ்வொரு நாளும் குரல்செய்தி அனுப்புவாளாம். சாப்பிட்டாயா, முகம் ஏன் வீங்கியிருக்கிறது, உன்னோடு படித்தவனுக்கு இரண்டாவது பிள்ளையும் பிறந்துவிட்டது, நீ இன்னும் சட்டி கழுவிக்கொண்டிரு. கேட்டுக் கேட்டு அந்தக் குரல் அவனுக்குப் படிந்துவிட்டது. ஒருநாள் துவாயைத் தலையில் சுற்றித் தாயைப் போலப் பேசி, அதை வீடியோவாகப் போட்டான். ஒரு கிழமைக்குள் சவூதியில் வீட்டுவேலை செய்கிறவள், ஹொங்கொங்கில் பிள்ளை பார்க்கிறவள், கப்பலில் இருக்கிறவன் எல்லாரும் இது என் அம்மா, இது என் அம்மா என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். தாய் கோபிக்கவில்லை. நடிக்கிறது என்றால் ஒழுங்காக நடி என்று தன் சட்டை ஒன்றை மடித்துப் பார்சலில் அனுப்பிவிட்டாள். நான் பார்த்த பூச்சட்டை அதுதான்.

பிறகு அவன் பெரிய ஆளாகிவிட்டான். வின்னிபெக், வன்கூவர் என்று மேடைக்குக் கூப்பிட்டார்கள். நாங்களும் கத்தோலிக்கர், அவன் வருகிற கோயிலுக்குத்தான் நாங்களும் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவனோடு நின்று படம் எடுக்க ஒரு வரிசை நிற்கும். இவ்வளவு பெயர் இருந்தும் திங்கட்கிழமை விடிய ஐந்து மணிக்குச் சமையலறை வேலைக்குப் போய்விடுவான். அவனுடைய விசா அந்த வேலையோடு ஒட்டியது. நிரந்தர வதிவிடத்துக்குப் போட்ட விண்ணப்பமும் இழுபட்டுக்கொண்டிருந்தது. அது முடிவதற்குள் வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களோ என்ற பயம் அவனுக்கு. எட்டு வருடமாகத் தாயைப் பார்க்கவில்லை.

எனக்கு அவனைப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். சில சனிக்கிழமைகளில் நானே அவனுக்குக் கைத்தொலைபேசியைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். பிறகு நான் செய்த வேலையைப் பிடிக்காத ஒருவனுக்குச் செய்திருந்தால் இதை எழுதவே வந்திருக்கமாட்டேன்.

அந்த மே மாதத்து ஞாயிறு பூசையில் சுவாமியார் மரித்தவர்களுக்காகச் செபிக்கும்போது அவனுடைய தாயின் பெயரையும் வாசித்தார். வியாழக்கிழமை இறந்துவிட்டாளாம். அவன் கறுப்புச் சட்டையோடு பின் வாங்கில் இருந்தான். நானும் மனைவியும் போய்க் கையைப் பிடித்தோம்.  வீட்டுக்கு வரும் வழி முழுக்க எனக்கு என் அம்மாவின் நினைவுதான். அவ இறந்தபோது என் அகதி வழக்கு இன்னும் முடிந்திருக்கவில்லை. போனால் எல்லாம் போச்சு. செய்தி வந்த அன்றைக்குப் பின்னேரம் உணவகத்துக்குப் போய் வழக்கம்போலச் சட்டி கழுவினேன். யாருக்கும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் ஒரு நகைச்சுவைப் படம் பார்த்ததில்லை, ஒரு கலியாணவீட்டுக்குப் போனதில்லை. துக்கம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு சட்டம் இருந்தது.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கைத்தொலைபேசியை எடுத்தால், அவன். அதே பூச்சட்டை, அதே துவாய், அதே அகப்பை. கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. செத்துப்போன தாய் தன் செத்தவீட்டைத் தானே குறை சொல்லுகிறாள். யார் இந்தப் படத்தைப் பெட்டிக்கு மேல் வைத்தது, இதில் என் மூக்கு யானை மூக்கு. கோப்பி ஏன் இவ்வளவு தண்ணீர். அந்த மூலைவீட்டுக்காரி ஏன் அழுகிறாள், உயிரோடு இருக்கும்போது என்னோடு பேசாதவள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆயிரக்கணக்கில் சிரிப்பு முகங்கள் குவிந்தன.

எனக்கு உச்சியில் ஏறியது. எங்களைப் போலவே சிலுவை போடுகிறவன், எங்களைப் போலவே செபமாலை சொல்லுகிறவன், தாய் இன்னும் பெட்டிக்குள் இருக்கும்போது இந்தக் கூத்து ஆடுகிறானே என்று நினைத்தேன். அந்த வீடியோத் தளத்தில் மகள் எப்போதோ எனக்குத் தொடங்கித் தந்த கணக்கு ஒன்று இருக்கிறது. அதில் என் பெயர் இல்லை, ஒரு செவ்வரத்தம்பூப் படம் மட்டும்தான். அதிலிருந்து ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினேன். உன் தாய் இன்னும் மண்ணுக்குள் போகவில்லை. அதற்குள் அவளுடைய சட்டையைப் போட்டு ஊரைச் சிரிக்க வைக்கிறாய். சிலுவை போடுகிற பிள்ளை செய்கிற வேலையா இது. எங்கள் நாட்டில் எதிரிகூட இப்படிச் செய்யமாட்டான்.

பின்னேரம் பார்க்கும்போது என் நாலு வரி எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. நூற்றுக்கணக்கானவர்கள் அதை ஆமோதித்திருந்தார்கள். என் வரிகளைப் பார்த்துவிட்டு அவனை இன்னும் காரமாக ஏசி எழுதியவர்களும் இருந்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. இந்த நாட்டில் நான் ஆங்கிலத்தில் சொன்ன ஒன்றை இவ்வளவு பேர் சரி என்று ஏற்றுக்கொண்டது அதுதான் முதல்தடவை. திங்களும் செவ்வாயும் வேலை இடைவேளையில் எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

புதன்கிழமை மனைவி சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் ஆக்கி அவனுக்குக் கொண்டுபோனா. செத்தவீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொடுப்பது எங்கள் வழக்கம். அரைமணித்தியாலம் கழித்து அதே பாத்திரத்தோடு திரும்பி வந்து கதிரையில் இருந்தா.

“அந்தப் பெடியன் ஒரு வாய் தொடேல்லையப்பா. ஆரோ எழுதினதாம். பெரியம்மாக்காரி அதை வாசிச்சுப்போட்டு, உவன் இனித் தாயின்ர பெட்டிக்கு முன்னால முகம் காட்டக்கூடாதெண்டு சொல்லிப்போட்டாவாம்.”

பிறகு மனைவி சொன்னதிலிருந்துதான் எனக்கு முழுவதும் விளங்கியது. அவர்களுடைய ஊரில் அடக்கம் நடக்கும் வரை பெட்டியைத் தனியே விடக்கூடாதாம். ஒன்பது நாள், பகலும் இரவும் முறைவைத்து யாராவது விழித்திருப்பார்கள். நித்திரை வராமல் இருக்கச் சீட்டு விளையாடுவார்கள், செத்தவரைப் பற்றிப் பகிடிக்கதை சொல்லிச் சிரிப்பார்கள். அதுதான் மரியாதை. நீதான் வரமுடியாது, உன் முறைக்கு நீ நடிக்கிற அம்மாவை அனுப்பிவிடு என்று தமக்கை கேட்டிருக்கிறாள். சவூதியில் இருக்கும் தமையனும் வரமுடியாதவன். அவனைப் போல இன்னும் எத்தனையோ உறவுக்காரர். எல்லாரும் ஒன்றாகப் பார்க்கட்டும் என்றுதான் அவன் அதைப் பொதுவில் போட்டிருக்கிறான். அது கூத்து இல்லை. வரமுடியாத பிள்ளை தாய்க்குப் பக்கத்தில் விழித்திருந்த முறை.

பெரியம்மா வயதானவ, தாயின் மூத்த சகோதரி. அந்த வீட்டில் அவ சொல்லுத்தான் கடைசிச் சொல்லு. முன்பின் தெரியாத ஒரு கத்தோலிக்கன் இப்படி எழுதியிருக்கிறான், உலகமே எங்களைப் பார்த்துக் காறித் துப்புகிறது என்று அவ உடைந்துபோயிருக்கிறா. அடக்கத்துக்கு முன் அவன் திரையில் வந்து, எல்லாருக்கும் முன்னால் கடைசித்தடவை தாயாகப் பேசுவதாக இருந்தது. அவனுக்கு இருந்த ஒரே வழியனுப்பல் அதுதான். அதுவும் இப்போது இல்லை. அங்கே சனி காலை அடக்கம், இங்கே வெள்ளி மாலை. இரண்டு நாள் இருந்தது.

“எழுதினவனுக்குத் தாய் எண்டு ஒருத்தி இல்லையோ?” என்று மனைவி கேட்டா. என்னைக் கேட்கவில்லை, பொதுவாகத்தான் கேட்டா.

“நான்தான் எழுதினனான்.”

மனைவி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தா. ஏசுவா என்று காத்திருந்தேன். எழும்பிக் குழம்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றத் தொடங்கினா. முதுகைக் காட்டியபடியே, “எனக்குச் சொல்லி என்ன. போய் அவனுக்குச் சொல்லுங்கோ” என்றா.

வியாழக்கிழமை நான் போகவில்லை. வேலைத்தலத்தில் ஆள் குறைவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கூடுதலாக நாலு மணித்தியாலம் நின்று நிலம் துடைத்தேன். யாருக்கும் என்னைத் தெரியாது. ஒரு செவ்வரத்தம்பூவை யார் வந்து கேட்கப்போகிறார்கள். ஒன்றும் செய்யாமல் இருந்தால் சனிக்கிழமையோடு எல்லாம் முடிந்துவிடும். அப்படியும் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு அவனுடைய கதவைத் தட்டினேன். நல்ல வெயில். உள்ளே அவனுடைய சிநேகிதர் மூன்று நான்கு பேர். மேசையில் ஒரு மடிகணினி, அதன் திரையில் ஒரு வெள்ளைப் பெட்டி, சுற்றிவரப் பூ, பிளாஸ்டிக் கதிரைகளில் ஆட்கள். அவன் திரையில் தன் முகம் தெரியாதபடி கணினிக்குப் பின்பக்கமாக, சுவரில் சாய்ந்து நிலத்தில் இருந்தான். சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். தாயின் செத்தவீட்டில் பிள்ளை இருந்த இடம் அது. நான் இருத்திவிட்ட இடம்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பூப்படம் நான்தான் என்றேன். திரும்பச் சொல்லச் சொன்னான். என் ஆங்கிலம் விளங்கவில்லை என்று நினைத்து இன்னும் மெதுவாகச் சொன்னேன். முதல்தடவையே விளங்கிவிட்டது என்பது அவன் கண்ணைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. எழுதியவன் எங்கள் பிலிப்பைன்ஸ்காரனாக இருப்பான் என்று நினைத்தேன் அங்கிள் என்றான்.  சிநேகிதரில் ஒருவன் எழும்பி ஜன்னல் பக்கம் போய்விட்டான். இவன் கணினியைக் காட்டி, எனக்கு வேண்டாம், பெரியம்மாவுக்குச் சொல்லுங்கள் என்றான்.

திரைக்கு முன்னால் போய் இருந்தேன். அந்தப் பக்கம் தமக்கை கைத்தொலைபேசியைப் பெரியம்மாவுக்கு நேரே பிடித்தாள். மெலிந்த, நிமிர்ந்த ஒரு மனுசி, கையில் செபமாலை. நான் ஒவ்வொரு வசனமாகச் சொல்ல, நிலத்தில் இருந்தபடியே அவன் தங்கள் பாஷையில் மாற்றிச் சொன்னான். என் குற்றத்தை அவன் வாயாலேயே சொல்லவைக்கிறேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. உங்கள் வழக்கம் எனக்குத் தெரியாது, செபமாலை ஒன்றாக இருந்தால் செத்தவீடும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன், பிழை என்னுடையது, பிள்ளையைத் தண்டிக்காதீர்கள் என்றேன். அங்கே சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

பெரியம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டா. அவன் அதை எனக்குச் சொல்லச் சற்றுத் தயங்கினான். உன் தாய்க்கு நீ எத்தனை நாள் விழித்திருந்தாய் என்று கேட்கிறா என்றான்.

ஒரு நாளும் இல்லை என்றேன். போகமுடியவில்லை, வேலைக்குப் போனேன், ஒருவருக்கும் சொல்லவில்லை என்றேன். ஐம்பத்தெட்டு வயதில், முன்பின் தெரியாத ஒரு கூட்டத்துக்கு முன்னால், இருபத்தாறு வருடம் பழைய ஒரு மரணத்துக்கு அன்றுதான் நான் அழுதேன். மூக்கைத் துடைக்கக்கூட என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. பெரியம்மா பொறுத்திருந்தா. பிறகு, அப்படியென்றால் எழும்பாமல் அங்கேயே இரு என்று சொல்லிவிட்டு அவனுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டா.

அவன் அறைக்குள் போய்ப் பூச்சட்டையோடு வந்தான். இம்முறை கீழே ஆங்கில எழுத்து ஓடவில்லை. சிநேகிதர் ஒருவர் என் காதுக்குள் துண்டு துண்டாகச் சொன்னார். தாய் எல்லாரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஏசினாள். அங்கே சிரிப்பு எழும்பியது. கடைசியாகத் தன் அக்காவிடம் வந்தாள். சின்ன வயதில் என் சிவப்புச் சீப்பை எடுத்துக்கொண்டு போனாயே, எங்கே அது என்று கேட்டாள். பெரியம்மாவுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. திரையை நோக்கி விரலை நீட்டி, நான் எடுக்கவில்லை, நீதான் கிணற்றுக்குள் போட்டாய் என்று சண்டைக்கு வந்துவிட்டா. இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தினார்கள். வீடே குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். பெரியம்மாவும் சிரித்துக்கொண்டே வந்து, பாதியில் அது அழுகையாக மாறி, பெட்டியில் தலையை வைத்துக்கொண்டு தங்கச்சி, தங்கச்சி என்று கூப்பிட்டா.

பெட்டியை மூட ஆட்கள் வந்தார்கள். அவன் துவாயை அவிழ்த்துவிட்டுத் தன் சொந்தக் குரலில் அம்மா என்று ஒரு தடவை கூப்பிட்டான். எந்தப் பாஷையானாலும் அந்தச் சொல்லுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தமக்கை கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி சேமக்காலை வரை நடந்து போனாள். கடைசி மண் விழும்வரை நாங்கள் ஒருவரும் எழும்பவில்லை.

எங்கள் ஊரில் செத்தவீட்டிலிருந்து போகும்போது போயிட்டு வாறன் என்று சொல்லக்கூடாது. பேசாமல் எழும்பிப் போய்விட வேண்டும். நானும் அப்படியே எழும்பி வந்தேன். அவனும் கதவடிக்கு வரவில்லை. துக்க வீட்டுக்காரர் வந்தவர்களை வாசல்வரை அனுப்பிவைப்பது தங்களிடமும் வழக்கம் இல்லை என்று அவனுடைய சிநேகிதர் ஒருவர் பிறகு சொன்னார். அன்றைக்கு அவன் வராதது அந்த வழக்கத்தினாலா, என்மேல் இருந்த கோபத்தினாலா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அடுத்த வருடம் அவனுக்கு வதிவிட உரிமை கிடைத்தது. ஊருக்குப் போய்த் தாயின் கல்லறையைப் பார்த்துவிட்டு வந்தான். இன்றைக்கும் மேடை ஏறுகிறான், இன்றைக்கும் சனங்கள் சிரிக்கிறார்கள். முதியோர் இல்லத்துச் சமையல்காரனாக, குளிரில் பஸ் காத்திருக்கும் மாமாவாக, வேறு யார் யாராகவோ வருகிறான். தாயாக மட்டும் அதற்குப் பிறகு அவன் வந்ததில்லை. கேட்டு எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். லிப்டில் கண்டால் சிரிப்பான், அன்ரி சுகமா என்று கேட்பான். மன்னித்துவிட்டேன் என்று அவன் வாயால் சொன்னதில்லை, சொல்லு என்று கேட்கும் தகுதி எனக்கும் இல்லை.

அடக்கம் நடந்த அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் நான் எழுதிய நாலு வரியையும் அழித்தேன். ஒரு விரல் பட்டதும் போய்விட்டது. ஆனால் தாயின் பெட்டிக்கு முகம் காட்ட முடியாமல் அவன் அந்தச் சுவரோரம் நிலத்தில் இருந்த நாட்களை எதைத் தொட்டு அழிப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.